ஆசாரி செதுக்கிய பென்சீன்

யுத்தத்தில் பட்டணத்தின் மேல் குண்டு விழப்போகிறது என்ற பயத்தில் பாதி ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய வருஷம், எங்கள் பெண்கள் கல்லூரியையும் மூடிவிட்டார்கள். நான் அங்கே ரசாயனப் பகுதியில் டிமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். வயது இருபத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை, ஆகவேண்டும் என்ற அவசரம் என்னைத் தவிர மற்ற எல்லோருக்கும் இருந்தது. மூடுவதற்கு முதல் நாள் ஆய்வுக்கூடத்துச் சாமான்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்து, வீட்டில் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொண்டுவரச் சொன்னார்கள். என் பங்குக்கு வைக்கோல் திணித்த ஒரு மரப்பெட்டி வந்தது. அதில் கொஞ்சம் சோதனைக் குழாய்கள், ஒரு பாட்டில் பென்சீன், ஒரு பாட்டில் கார்பாலிக் அமிலம், பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் புரோமின் தண்ணீர்.

பூந்தமல்லியில் எங்கள் வீட்டு வாசலிலேயே அம்மா என்னை நிறுத்திவிட்டாள். என்னை உள்ளே விடலாம், பெட்டியை விட முடியாது என்றாள். கடைசியில் அது கிணற்றடிக்குப் பக்கத்து விறகுக் கொட்டகையில் குடியேறியது.

ஒரு வருஷத்துக்கு முன்னால் பட்டணத்தில் ஒரு சங்கத்தார் என்னிடம் வந்திருந்தார்கள். சயன்ஸ் புத்தகங்களைத் தமிழில் கொண்டுவரப் போகிறோம், கரிம ரசாயனத்தை நீங்கள் எழுதவேண்டும் என்றார்கள். நானும் பெருமைக்கு ஒப்புக்கொண்டு, ஒரு வரி எழுதாமல், வேலை அதிகம் என்று தவணை சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது கல்லூரி இல்லை, சொல்வதற்குச் சாக்கும் இல்லை. உட்கார்ந்து எழுதினேன். பன்னிரண்டு அத்தியாயங்களில் பதினொன்று இரண்டே மாதத்தில் முடிந்தன. பன்னிரண்டாவது பென்சீன். அது நாலு மாதம் என் உயிரை வாங்கியது.

முதல் தொல்லை தமிழ் ஐயா. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர். மொழித் திருத்தத்துக்கு என்று சங்கத்தாரே அவரை நியமித்திருந்தார்கள். கையில் குடை, மடியில் பொடி டப்பா. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் சாயங்காலம் வருவார். நான் எழுதியதை எடுத்து, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு இரண்டு முறை படிப்பார். இரண்டாவது முறை படிக்கும்போது தலையை ஆட்டினால் அந்த வரி பிழைத்தது. ஆட்டாவிட்டால் அன்று சாயங்காலம் முழுவதும் அந்த ஒரு வரிதான்.

மற்ற அத்தியாயங்களில் அவர் சந்தி பிழை, ஒற்றுப் பிழை என்று திருத்திக்கொண்டு போனார். எனக்கும் அதில் வருத்தமில்லை. எனக்கு ஒற்று எப்போதும் தகராறுதான். பென்சீனுக்கு வந்ததும் தலைப்பிலேயே நின்றுவிட்டார். நான் ‘நறுமணச் சேர்மங்கள்’ என்று போட்டிருந்தேன். ஆங்கிலத்தில் அரோமாட்டிக் என்று சொல்வதை அப்படியே தமிழில் வைத்தது. பென்சீனும் அதன் உறவுக்காரப் பொருள்களும் சேர்ந்த குடும்பத்துக்கு அந்தப் பெயர்.

“அப்படியானால் நல்ல வாசனை அடிக்குமா?” என்று கேட்டார்.

சிலது அடிக்கும், சிலது அடிக்காது என்றேன். அந்தப் பதிலை அவர் ஏற்கவில்லை. பொருளைக் காட்டுங்கள் என்றார். கொட்டகைக்கு அழைத்துப் போய் பென்சீன் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினேன். இன்றைக்கு அதை முகரவே கூடாது, ரத்தத்தைக் கெடுக்கும் என்கிறார்கள். அப்போது நாங்கள் அதில் கை கழுவியிருக்கிறோம். தமிழ் ஐயா பொடி போட்டுப் பழகிய மூக்கால் ஆழமாக இழுத்தார். மண்ணெண்ணெய்க்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கிறது என்றார். அடுத்ததாகக் கார்பாலிக்கை முகர்ந்தார். இதுவும் அதே குடும்பமா என்று கேட்டார். ஆமாம், அதே வளையந்தான், ஒரு மூலையில் மட்டும் வேறு ஒன்று மாட்டியிருக்கிறது என்றேன். அவர் பாட்டிலை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“இது ஆஸ்பத்திரிக் கக்கூஸ். இதற்கு நறுமணம் என்று பெயர் வைத்து, அதன் கீழே என் பெயரையும் போட்டுக்கொள்ள என்னால் ஆகாது அம்மா.”

நான் பொறுமையாகச் சொன்னேன். அந்தக் காலத்தில் இந்தக் குடும்பத்தில் முதல் முதலாகக் கையில் கிடைத்தவை எல்லாம் வாசனைப் பொருள்கள். வாதுமைக் கொட்டையிலிருந்து ஒன்று, சாம்பிராணியிலிருந்து ஒன்று. அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னால் வாசனை இல்லாதவையும் நாறுகிறவையும் அதே குடும்பம் என்று தெரிந்தது, ஆனால் பெயரை மாற்றவில்லை. இப்போது அந்தச் சொல்லுக்கும் மூக்குக்கும் சம்பந்தமே இல்லை. அது வளையத்தின் குணத்தைத்தான் குறிக்கிறது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வெள்ளைக்காரன் தெரியாமல் செய்த தப்பை நாம் தெரிந்தே செய்யவேண்டுமா என்று கேட்டார். எரிச்சல் என்னவென்றால், அவர் கேட்டது சரி.

‘வளையச் சேர்மங்கள்’ என்று போடலாம் என்றார். போட முடியாது, வளையமாக இருந்தும் இந்தக் குணம் இல்லாத பொருள்கள் இருக்கின்றன என்றேன். அப்படி என்ன பெரிய குணம் என்றார். அதைத்தான் அந்த அத்தியாயம் முழுக்க எழுதியிருக்கிறேன், முதலில் படியுங்கள் என்றேன். தலைப்பு சரியாகாமல் உள்ளே போவதில்லை என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த செவ்வாய் வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. பென்சீன் என்ற பெயரே சாம்பிராணிக்கு ஐரோப்பியர் வழங்கும் பெயரிலிருந்து பிறந்தது என்று நான் போன வாரம் வாய் தவறிச் சொல்லியிருந்தேன். ஒரு வாரம் அதையே அவர் மென்றிருக்கிறார். இனிமேல் புத்தகம் முழுவதும் பென்சீனுக்குச் ‘சாம்பிராணியம்’ என்று போட்டுவிடலாம் என்றார். சொந்தச் சரக்கு, ஊரறிந்த பெயர், பெயர்க்காரணமும் இருக்கிறது என்றார்.

ஐயா, எந்த வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னாலும் பின்வரிசையிலிருந்து ஒருத்தி ‘மடசாம்பிராணி’ என்பாள், அன்றைக்கு அந்த வகுப்பு முடிந்தது என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “உங்கள் புரோமினோடு அது சேர்கிறதா? சேரவில்லை என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கிறது. பெயர் இன்னும் பொருந்துகிறது” என்றார்.

அப்போதுதான் தெரிந்தது, தலைப்பில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு மனிதர் அத்தியாயத்தை ரகசியமாகப் படித்துவிட்டார் என்பது. சரி, இதைக் கண்ணாலேயே காட்டிவிடலாம் என்று புரோமின் தண்ணீரை எடுத்தேன். இரண்டு சோதனைக் குழாய்களில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினேன். நல்ல செம்மஞ்சள் நிறம். ஒன்றில் சமையலறையிலிருந்து கொண்டுவந்த நல்லெண்ணெயை விட்டுக் குலுக்கினேன். கொஞ்ச நேரத்தில் நிறம் போய்விட்டது. எண்ணெய்க்குள்ளே கரியணுக்கள், அதாவது கார்பன் அணுக்கள், சில இடங்களில் ஒன்றையொன்று இரண்டு கையாலும் பிடித்திருக்கும். புரோமின் வந்தால் ஒரு பிடியை விட்டுவிட்டு அந்தக் கையால் புரோமினைப் பிடித்துக்கொள்ளும். அதனால் நிறம் போகிறது. பென்சீனில் வளையமாகக் கைகோத்த ஆறு கரியணுக்கள், ஆறு ஹைட்ரஜன் அணுக்கள். ஒவ்வொரு கரியணுவுக்கும் நாலு கை. கணக்குப் பார்த்தால் அதிலும் மூன்று இடத்தில் இரட்டைப் பிடி இருந்தாகவேண்டும். எண்ணெயைப் போல அதுவும் புரோமினை வாரிப் பிடித்துக்கொள்ளவேண்டும். ஆனால் பிடிப்பதில்லை. இரும்புத்தூள் போட்டு வற்புறுத்தினால், ஒரு ஹைட்ரஜனை வெளியே அனுப்பிவிட்டு அந்த இடத்தில் ஒரு புரோமினை உட்காரவைக்குமே தவிர, வளையத்தின் பிடியை விடாது. இதைத்தான் அந்தக் குடும்பத்தின் குணம் என்கிறோம் என்று சொல்லிக்கொண்டே இன்னொரு குழாயில் பென்சீனை ஊற்றிக் குலுக்கி அவர் முன்னால் பிடித்தேன்.

பென்சீன் தண்ணீரோடு கலக்காது, மேலே மிதக்கும். புரோமினுக்குத் தண்ணீரைவிடப் பென்சீனில் கரைவது சுலபம். அதனால் கீழே இருந்த தண்ணீர் வெளுத்துவிட்டது. மேலே இருந்த பென்சீன் செம்மஞ்சளாகிவிட்டது. வகுப்பில் நான் இதை முன்கூட்டியே எச்சரித்துவிடுவேன். அன்றைக்கு மறந்துவிட்டேன்.

“தண்ணீரில் நிறம் போய்விட்டதே” என்றார் தமிழ் ஐயா.

போகவில்லை, மேலே ஏறியிருக்கிறது என்றேன். போனால் என்ன, ஏறினால் என்ன, முன்பு இருந்த இடத்தில் இல்லையே என்றார். அது கரைதல், இது சேர்தல் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. புரோமின் நெடியில் அம்மா இருமிக்கொண்டே வந்து, நல்லெண்ணெய் விற்கிற விலையில் அதை யார் கண்ணாடிக் குழாயில் ஊற்றியது என்று கேட்டாள். தமிழ் ஐயா குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். மேலே இருந்த செம்மஞ்சள் அப்படியே நின்றது. அரைமணி கழித்தும் நின்றது. சரி, சேரவில்லை என்று ஒப்புக்கொண்டார். சாம்பிராணியத்தைக் கைவிடுவதாகவும் சொன்னார். பதிலுக்கு ‘நறுமணச் சேர்மங்கள்’ என்ற தலைப்பின் கீழே அவர் ஒரு அடிக்குறிப்பு எழுதுவார் என்று உடன்பாடாயிற்று. அந்த அடிக்குறிப்பு அச்சில் ஒன்றேகால் பக்கம் வந்தது. பக்கத்தைவிட நீளமான அடிக்குறிப்பை எங்கே போடுவது என்று அச்சாபீஸ்காரர் என்னைக் கேட்டார்.

அவர் இரண்டாவது தொல்லை. அவருக்குப் பட்டணத்தில் சொந்த அச்சாபீஸ் இருந்தது. குண்டுக்குப் பயந்து மிதி இயந்திரத்தையும் எழுத்துப் பெட்டிகளையும் இரண்டு கட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, டிரங்கு ரோட்டோரம் காலியாகக் கிடந்த நெல் மண்டியில் இறக்கியிருந்தார். கம்பாசிட்டர்கள் அவரவர் ஊருக்கு ஓடிப்போய்விட்டதால் எழுத்துக் கோப்பதும் அவர்தான், மிதிப்பதும் அவர்தான். நல்ல மனிதர், வேலையில் சுத்தம். ஆனால் அதுவரை அவர் அச்சடித்தது எல்லாம் கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீசு, லேகிய விளம்பரம்.

பென்சீனுக்கு அறுகோணம் வேண்டும் என்று நான் கேட்டபோது அவர் எழுத்துப் பெட்டியின் எல்லா அறையையும் துழாவினார். நட்சத்திரம் இருந்தது, தாமரை இருந்தது, இதோ பார் என்று விரல் நீட்டும் கை இருந்தது. நட்சத்திரத்துக்கும் ஆறு முனைதானே என்று அதை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். சாய்கோடுகளையும் குறுக்குக் கோடுகளையும் சேர்த்து அவரே ஒன்று கோத்துப் பார்த்தார். கால் உடைந்த கயிற்றுக் கட்டில் போல விழுந்தது. கடைசியில், கோவில்பதாகை என்ற ஊரில் ஒரு ஆசாரி இருக்கிறார், நாடக நோட்டீசுக்கு மரக்கட்டையில் படம் செதுக்கித் தருவார், அவரிடம் சொல்கிறேன் என்றார்.

ஆசாரி வாரத்துக்கு ஒரு நாள்தான் சைக்கிளில் பூந்தமல்லிப் பக்கம் வருவார். ஆகவே ஒரு தப்பு நடந்தால் அது தெரிய ஒரு வாரம், திருத்த ஒரு வாரம். முதல் வாரம் நான் தாளில் படம் போட்டுக் கொடுத்தேன். ஆறு பக்கம், அதில் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று பக்கத்தில் உள்ளே இன்னொரு கோடு. இரட்டைக் கோடு இரட்டைப் பிடியைக் குறிக்கும். ஆசாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் மடித்துக் காதில் செருகிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் கட்டை வந்தது. செதுக்கு வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கோடு கத்தி மாதிரி இருந்தது. ஆனால் ஆறு பக்கத்திலும் இரட்டைக் கோடு. நான் கேட்டது மூன்று என்றேன்.

“மூணு பக்கம் கோடு வெச்சி மூணு பக்கம் வுட்டா அரகொறையா கீதும்மா,” என்றார் ஆசாரி. “பார்க்கறவன் வேல தெரியாதவன் செஞ்சதுன்னு சொல்லுவான். அதான் ஆறுக்கும் போட்டுட்டேன். அயகா இல்ல?”

அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு பக்கமும் இரட்டைப் பிடியென்றால் கரியணு ஒவ்வொன்றுக்கும் ஐந்து கை வேண்டும். நாலு கைதான் உண்டு என்று முதல் அத்தியாயத்திலிருந்து பதினோராம் அத்தியாயம் வரை கத்தியிருக்கிறேன். மறுபடியும் செய்யச் சொன்னேன். இரண்டாவது கட்டையில் மூன்று இரட்டைக் கோடு இருந்தது, மூன்றும் ஒரே பக்கமாக அடுத்தடுத்து. ஒன்றுவிட்டு ஒன்று என்று படத்திலேயே இருந்ததே என்றேன். படம் போட்ட தாளில் அவர் வீட்டம்மாள் புளி மடித்துவிட்டாளாம், நினைவிலிருந்து செதுக்கியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. புதிதாகப் படம் போட்டு, இதில் புளி மடிக்கவேண்டாம் என்று அதன் மேலேயே எழுதிக் கொடுத்தேன். ஆசாரிக்குப் படிக்கத் தெரியாது என்பது அவர் போன பிறகு அச்சாபீஸ்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

ஆனாலும் மூன்றாவது கட்டை சரியாக வந்தது. ஒன்றுவிட்டு ஒன்று, கச்சிதம். அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு ருசியாக இருந்தது.

பத்து நாளில் புரூப் வந்தது. அந்த அத்தியாயத்தில் பென்சீன் படம் ஒன்பது இடத்தில் வருகிறது. அச்சாபீஸ்காரர் ஒரு சமயத்தில் ஒரு பக்கந்தான் அடிப்பார்; ஒரே கட்டையை ஒவ்வொரு பக்கத்துக்கும் எடுத்து எடுத்து வைப்பார். சில பக்கத்தில் செங்குத்தான இரட்டைக் கோடு வலதுகைப் பக்கம் இருந்தது. சில பக்கத்தில் இடதுகைப் பக்கம் இருந்தது. கட்டைக்குத் தலை எது, கால் எது என்று அவர் பார்க்கவில்லை. நேராக வைத்தது நாலு, தலைகீழாக வைத்தது ஐந்து. சிவப்பு மசியால் ஐந்தையும் சுழித்து, ‘தலைகீழ்’ என்று எழுதி, புரூப்பை எடுத்துக்கொண்டு வேகாத வெயிலில் மண்டிக்கு நடந்தேன்.

அவர் மிதியை நிறுத்திவிட்டுக் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார். எப்படி வைத்தாலும் அதே பூதானே என்றார். பூ இல்லை, பென்சீன் என்றேன். ஒன்றில் கோடு இந்தப் பக்கம், இன்னொன்றில் அந்தப் பக்கம், படிக்கிற பெண்கள் இரண்டும் வேறு வேறு பொருள் என்று நினைத்துவிடுவார்கள் என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொல்லியிருப்பேன். அவர் கட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் அடுக்கியிருந்த புரூப்பில் ஒரு தாளை உருவினார்.

“நீங்கதானேம்மா எய்தி வெச்சிகிறீங்க. கோடு இப்டி போட்டாலும் அப்டி போட்டாலும் பொருள் ஒண்ணுதான்னு கீது. நான்தான் கோத்தேன், எனக்கு மனப்பாடம். அப்பொறம் இன்னாத்துக்கு இந்தச் செவப்பு மசி?”

நான் அந்தத் தாளை வாங்கிப் படித்தேன். நான் எழுதியதுதான். வெறும் பென்சீனில் அந்த இரண்டு படத்துக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. அடுத்தடுத்த இரண்டு மூலையில் புரோமினை மாட்டினால்தான் கேள்வி வரும்: நடுவில் இருப்பது ஒற்றைப் பிடியா, இரட்டைப் பிடியா? படம் சொல்வது உண்மையானால் இரண்டு வகைப் பொருள் கிடைக்கவேண்டும். எத்தனையோ பேர் தேடியும் ஒரே வகைதான் கிடைத்திருக்கிறது. எக்ஸ்-ரே கொண்டு அளந்தவர்களும் ஆறு பக்கமும் ஒரே நீளம் என்று சொல்லிவிட்டார்கள். இரட்டைப் பிடி குட்டையாக இருக்கும், ஒற்றைப் பிடி நீளமாக இருக்கும். இதில் குட்டையும் இல்லை, நீளமும் இல்லை, எல்லாம் நடுத்தரம். பிடிகள் மூன்று இடத்தில் தங்காமல் ஆறு பக்கத்துக்கும் பொதுவாகப் பரவியிருக்கின்றன. அதனால்தான் புரோமின் வந்து கேட்டாலும் ஒன்று மட்டும் பிரிந்து போவதில்லை. வளையத்தின் முரட்டுப் பிடிவாதத்துக்கு அதுதான் காரணம். இத்தனையையும் நானே நாலு பக்கத்துக்கு எழுதிவிட்டு, கோடு இடதா வலதா என்று வெயிலில் நடந்து வந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் மேலேயே எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல. புத்தகம் படித்துத் தேர்ச்சி பெற்று, மெடல் வாங்கி, வருஷக்கணக்கில் அந்தப் படத்தைக் கரும்பலகையில் போட்டுப் போட்டு, கை பழகிய படத்தைப் பொருளென்றே நினைக்க ஆரம்பித்திருக்கிறேன். ஆறு பக்கத்தையும் சமமாகச் செதுக்கிக்கொண்டு வந்த ஆசாரியைத் திட்டித் திருப்பி அனுப்பினேன். கைக்கணக்குக்கு அவர் படம் உதவாதுதான். ஆனால் ஆறு பக்கமும் ஒன்று என்ற செய்தி அதில்தான் இருந்தது, என் படத்தில் இல்லை.

அந்த முதல் கட்டை எங்கே என்று கேட்டேன். அதை இழைத்து அதிலேதான் ஆசாரி மூன்றாவதைச் செதுக்கினார் என்று பதில் வந்தது. நல்ல பூவரசங்கட்டை, வீணாக்குவானேன் என்றாராம். மறுபடி ஒன்று செய்யச் சொல்லலாம் என்றால் ஆசாரி ஆவடிப் பக்கம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த பட்டாளத்துக் கொட்டகைகளில் தினக்கூலி வேலைக்குப் போய்விட்டார், ஆளைப் பிடிக்க முடியாது.

அச்சாபீஸ்காரர் ஒரு யோசனை செய்தார். ஒரே தாளில் கட்டையை நேராக வைத்து ஒரு தரம், தலைகீழாக வைத்து ஒரு தரம், இரண்டு தரம் அடித்தால் ஆறு பக்கத்திலும் கோடு விழுந்துவிடும் என்றார். செய்து பார்த்தோம். நான் தாளைப் பிடிக்க, அவர் மிதித்தார். மசியைக் குறைத்துக்கொண்டதால் கோடு மங்கலாக விழுந்தது. ஆறு பக்கமும் வந்தது. ஒன்று மேல் ஒன்று நூல் பிடித்தாற்போல விழாமல் மயிரிழை விலகி, அறுகோணம் நடுங்குவது மாதிரி இருந்தது. நாலைந்து தாள் அடித்தும் அந்த நடுக்கம் போகவில்லை. போதும், அத்தியாயத்தின் கடைசியில் ஒரே இடத்தில் இதைப் போடுங்கள், மற்ற ஒன்பதும் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும் என்றேன்.

அடுத்த செவ்வாய் தமிழ் ஐயா அதைப் பார்த்துவிட்டு, இதற்குப் பெயர் உண்டா என்றார். ஆங்கிலத்தில் ரெசனன்ஸ் என்கிறார்கள், சமீபத்தில் வந்த சொல் என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று பயந்தேன். அவர் அகராதியைப் பார்த்து ‘எதிரொலி’ என்றார். ஒலியும் இல்லை, எதிரும் இல்லை ஐயா என்றேன். பிறகு எதற்கு அந்தப் பெயர் என்றார். தெரியாது என்றேன். நிஜமாகவே எனக்கு அப்போது சரியாகத் தெரியாது. வெள்ளைக்காரனுக்குப் பெயர் வைக்கத் தெரியாது என்ற தன் முடிவு மறுபடியும் உறுதிப்பட்டதில் அவருக்கு ஒரு திருப்தி. ‘ரெசனன்ஸ்’ என்றே தமிழெழுத்தில் போட அனுமதித்தார். அடிக்குறிப்பு எழுதுகிறேன் என்று ஆரம்பித்தார்; தாள் கட்டுப்பாடு இருக்கிறது, ஒரு தாள்கூட அதிகம் கிடைக்காது என்று நானும் அச்சாபீஸ்காரரும் ஒரே குரலில் சொல்லித் தடுத்துவிட்டோம்.

புத்தகம் தைத்துக் கட்டி முடிவதற்கும் கல்லூரி திறக்கப்போவதாகக் கடிதம் வருவதற்கும் சரியாக இருந்தது. குண்டு என்னவோ விழவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு கட்டுப் புத்தகத்தோடும் அந்த மரப்பெட்டியோடும் பட்டணத்து பஸ்ஸில் ஏறினேன். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் பின்னால் ஒரு இரும்புப் பானையைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைப் புகையவிட்டு, அந்த வாயுவில் ஓட்டினார்கள். ஓட்டினார்கள் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. காட்டுப்பாக்கம் தாண்டுவதற்குள் இரண்டு தரம் நின்றது. மூன்றாவது தரம் நின்றபோது, டிரைவர் இறங்கிப் பின்னால் போய்க் கம்பியால் கரியைக் கிளறினார். எல்லோரையும் இறங்கித் தள்ளச் சொன்னார்கள். பெண்கள் உட்காரலாம் என்றார்கள். நான் புத்தகக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கண்டக்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மூட்டையில் என்ன என்று கேட்டார். புத்தகம் என்றேன். மேலே இருந்த பிரதியை உரிமையோடு எடுத்துப் புரட்டினார். தமிழில் இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டு, எழுத்துக் கூட்டிக் கொஞ்ச நேரம் படித்தார். நிலக்கரித் தாரிலிருந்து பென்சீன் எடுப்பதைப் பற்றிய இடம் அது. நாலு மாதமாக எல்லோரும் என்னிடம் பெயரைக் கேட்டார்கள், வாசனையைக் கேட்டார்கள், கோட்டைக் கேட்டார்கள். இவர் வேறு ஒன்றைக் கேட்டார்.

“இந்தத் தண்ணி எரியுமா?”

நன்றாக எரியும், புகை மட்டும் கறுப்பாக அதிகம் வரும் என்றேன்.

“அப்ப இத்த ஊத்தினா பஸ்ஸு ஓடுமா?”

ஓடும் என்றேன். சீமையில் பெட்ரோலோடு கலந்து ஓட்டுகிறார்கள் என்றும் சொன்னேன். அவர் புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார். வெயிலில் வேர்த்து வழிந்துகொண்டு பஸ்ஸைத் தள்ளுகிறவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

“ஓடும்னு தெரிஞ்சிகினு, அத்த புக்குல எய்தி மடியாண்ட வெச்சிகினு குந்திகினு கீறீங்களேம்மா” என்றார்.

காலடியில் இருந்த பெட்டியில் பாட்டிலில் பாதி பென்சீன் இருந்தது. அதை வைத்து இந்த பஸ் பத்தடி ஓடினால் அதிகம் என்று நான் அவருக்கு விளக்கவில்லை. விளக்கி விளக்கி எனக்கு அலுத்துப்போயிருந்தது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கீழே இறங்கி, பின்பக்கம் கரிப்பானைக்குப் பக்கத்தில் ஒரு இடம் பார்த்து, மற்றவர்களோடு சேர்ந்து தள்ளினேன்.